யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பாடசாலைகளை எதை வைத்து ஒப்பிடுகிறோம்?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்தால் ஒரு கிழமைக்குள் ஊரெல்லாம் பதாகை ஏறிவிடும். பாடசாலை மதிலில் ஒன்று, சந்தியில் ஒன்று, ரியூசன் கொட்டில் வாசலில் இன்னொன்று. சிலவேளை ஒரே பிள்ளையின் படம் மூன்றிலும் இருக்கும். பெயர், புள்ளி, அதிபரின் படம், வாழ்த்துகிறவரின் படம் (வாழ்த்துகிறவர் பிள்ளையைவிடப் பெரிதாகத் தெரிவது நம்மூர் வழக்கம்). அடுத்த வருசம் முதலாம் தரத்தில் பிள்ளை சேர்க்கவேண்டிய தாய் தகப்பன் அந்தப் படங்களைத்தான் எண்ணுகிறார்கள். எந்தப் பதாகையில் தலை கூடவோ அது நல்ல பள்ளிக்கூடம். "ரவுணில (நகரத்தில்) சேர்த்தா பிள்ளை தப்பீடும்" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பதாகையில் பாடசாலையைப் பற்றிய சேதி கொஞ்சம்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பிள்ளையின் வீட்டைப் பற்றி, அது பின்னேரம் போகிற ரியூசனைப் பற்றி, ஐந்து வருசத்துக்கு முன் முதலாம் தரத்தில் யார் யாரை உள்ளே எடுத்தார்கள் என்பதைப் பற்றித்தான் அதில் நிறைய இருக்கிறது.

முதலில் அந்தப் பரீட்சை எதற்கு வந்தது என்று பார்க்கவேண்டும். பாடசாலைகளுக்குத் தரம் போடுவதற்காக அது வரவே இல்லை. அக்காலக் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த 1940களில், மத்திய கல்லூரிகள் கிராமப்புறங்களில் திறக்கப்பட்டபோது, கையில் காசில்லாத கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடிப் பிடித்துப் படிப்பிக்கக் கண்ட வழி அது. இன்றைக்கும் கடதாசியில் அதற்கு இரண்டு வேலைதான்: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பது, ஆறாம் தரத்தில் பெரிய பாடசாலை ஒன்றுக்குப் போக வழிவிடுவது. இரண்டு வினாத்தாள், முதலாவதில் 40 வினா, இரண்டாவதில் 60, மொத்தம் 200 புள்ளி, வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறும். ஆனால் யாழ் இந்துக் கல்லூரி, வேம்படி, ஹாட்லி போன்ற பெரிய பெயர்கள் ஆறாம் தரத்திலிருந்துதான் தொடங்குகின்றன என்பதால், பத்து வயதுப் பிள்ளை ஒரு காலையில் எழுதுகிற அந்த இரண்டு தாளும் குடும்பத்துக்கே பரீட்சை ஆகிவிட்டது. அப்புறம் பாடசாலைக்கும் அதுவே அளவுகோல் ஆனது.

சரி, அளவுகோல் என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குத்தான். ரவுண் பாடசாலை ஒன்றில் 160 பேர் எழுதி 56 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறார்கள், அதாவது 35 வீதம். ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் 8 பேர் எழுதி 2 பேர், 25 வீதம். அடுத்த வருசம் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 7 பேர் எழுதி 3 பேர், கிட்டத்தட்ட 43 வீதம், அதற்கு அடுத்த வருசம் 6 பேர் எழுதி ஒருவரும் இல்லை. அதே ரீச்சர், அதே வகுப்பறை, அதே பாடப்புத்தகம். ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால்கூட அங்கே வீதம் தலைகீழாகும். இப்படியான ஒரு சிறிய பாடசாலையை ஒரு வருச முடிவை வைத்து நல்லது கெட்டது என்று சொல்வது சும்மா பேச்சு, ஐந்தாறு வருசத்தைச் சேர்த்துப் பார்த்தாலாவது ஏதோ தெரியும். ரவுண் பாடசாலைப் பக்கமும் கணக்கு இருக்கிறது. 56 படம் ஏறிய மதிலுக்குள்ளே படம் ஏறாத 104 பிள்ளைகள் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு ஒன்றிரண்டு குறைவாக நின்றார்கள், எத்தனை பேர் ஐந்து வருசம் இருந்தும் ஒரு பந்தியைத் தடக்காமல் வாசிக்க மாட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வெட்டுப்புள்ளி 145 என்றால் 144 எடுத்த பிள்ளையும் 44 எடுத்த பிள்ளையும் பதாகைக்கு ஒன்றுதான்.

இன்னொரு விசயமும் நடக்கும், ஆசிரியர்களைக் கேட்டால் பெருமூச்சோடு சொல்வார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் தரத்திலிருந்து எழுத்துக் காட்டி, கை பிடித்து எழுதப் பழக்கி, மூன்றாம் தரத்தில் பிள்ளை கெட்டிக்காரன் என்று தெரிந்தவுடன் தாய் தகப்பன் விடுகைப் பத்திரம் கேட்டு வந்து நிற்பார்கள். பிள்ளை ரவுணுக்குப் போகும், இரண்டு வருசத்தில் அங்கே பதாகையில் ஏறும். அத்திவாரம் போட்ட ரீச்சரின் பெயர் அதில் எங்கும் இராது. அவர் வகுப்பில் மிஞ்சியது போக வழியில்லாத பிள்ளைகள், அடுத்த முடிவு இன்னும் மோசமாக வரும், அதைக் காட்டி இன்னும் இரண்டு குடும்பம் வெளிக்கிடும்.

ரியூசனைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் வகுப்பும் கருத்தரங்கும் நடத்தக்கூடாது, மாதிரி வினாத்தாள் கொடுக்கக்கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் வருசாவருசம் அறிவித்தல் போடுகிறது என்றால், மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தரத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். பாடசாலை விட்டு வந்து, சோறு தின்று, உடுப்பு மாற்றி, மூன்று மணிக்கு அடுத்த வாங்கில் போய் இருக்கிற பிள்ளைக்குக் கிடைத்த புள்ளியில் எத்தனை பாடசாலைக்கு, எத்தனை கொட்டிலுக்கு என்று பிரித்துப் பார்க்க ஒருவராலும் முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: மாதாமாதம் ரியூசன் காசு கட்டக்கூடிய வீடுகள் எந்தப் பாடசாலையில் கூடவோ, அங்கே பதாகையும் நீளும்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் இந்த ஒப்பீடு ஏன் இவ்வளவு கடுமையாக நடக்கிறது என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. இங்கே பாடசாலை அடர்த்தி கூட. ஒரே ஊரில் அரை மைலுக்குள் மூன்று ஆரம்பப் பாடசாலை இருப்பது அதிசயமில்லை. பெயர்ப்பலகையை வாசித்தாலே காரணம் தெரியும்: அமெரிக்கன் மிஷன் தமிழ்க் கலவன், றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன், சைவப்பிரகாச வித்தியாசாலை, அரசினர் தமிழ்க் கலவன். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதற்குப் பதிலாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறகு 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம், நம்மவர் வாயில் இந்து போர்ட், அதை நடத்திய இராசரத்தினத்தின் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடம் இருந்த ஊரிலெல்லாம் சைவப் பள்ளிக்கூடம் ஒன்றை எழுப்பப் பார்த்தது. 1960, 1961 சட்டங்களோடு உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பெடுத்தபோது இந்த அடுத்தடுத்த பள்ளிக்கூடங்கள் எல்லாம் அப்படியே அரச பாடசாலைகள் ஆயின. போட்டிக்கு வைத்தவை ஒரே கல்வி வலயத்தின் கீழ் வந்து சேர்ந்தன.

சமயப் போட்டி மட்டும் என்றால் அது நம்மைப் பற்றிய அழகான கதையாக முடிந்திருக்கும். சாதியும் இருந்தது. யாரோடு யார் வாங்கில் இருப்பது என்பதில் யாழ்ப்பாணம் பட்ட பாடு பெரிது. 1930ஐ ஒட்டிய காலத்தில் எல்லாப் பிள்ளைக்கும் சம ஆசனம் என்று வந்தபோது பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தார்கள். இன்றைக்கு அப்படி யாரும் வெளியில் பேசுவதில்லை. ஆனால் "அது சின்னப் பள்ளிக்கூடம், அங்க வாற பிள்ளையள் சரியில்லை" என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால், அவர் கற்பித்தலைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும். எத்தனையோ குடும்பங்கள் பக்கத்துப் பாடசாலையைத் தாண்டி எட்டுக் கிலோமீற்றர் வான் பிடித்துப் போவதற்கு ரீச்சர்மாரின் தரம் மட்டும்தான் காரணம் என்று எனக்குச் சொல்லவேண்டாம்.

பிறகு போர். 1981இல் யாழ் மாவட்டத்தில் ஏறக்குறைய 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர், 2012 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 5 இலட்சத்து 83 ஆயிரம். இடையில் 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது, 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதுமே எழும்பிப் போனது. பாடசாலைகளும் சனத்தோடு சேர்ந்து நடந்தன, வேறு பாடசாலையின் வளவில் பின்னேர நேரப் பாடசாலையாக, கொட்டிலாக. வலிகாமம் வடக்கின் மயிலிட்டிப் பக்கம் இராணுவம் காணி விடத் தொடங்கியதே 2017இல்தான். இருபத்தேழு வருசம் வேறெங்கோ குடியிருந்த குடும்பம் காணி விட்டவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாது. பிள்ளைக் கணக்கு அப்படிக் குறைந்த இடத்தில், இருக்கிற பிள்ளைகளும் ரவுணை நோக்கிப் போனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்ன மிஞ்சும்? நாடு முழுவதும் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகளில் 3,000 அளவில் நூறு பிள்ளைகூட இல்லை. 2016 அளவில் "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று ஒரு திட்டம் வந்து சில இடங்களில் கட்டடமும் கழிப்பறையும் கிடைத்தன. நல்லதுதான், ஆனால் சனம் கட்டடத்தைப் பார்த்து இடம் மாறவில்லை.

நிர்வாகப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயம்: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். வலயத்துக்குள் கோட்டங்கள், யாழ்ப்பாண வலயம் என்றால் யாழ்ப்பாணம், நல்லூர், கோப்பாய். பாடசாலைகளை 1ஏபி, 1சி, 2, 3 என்று வகை பிரித்திருக்கிறார்கள், ஊர் ஆரம்பப் பாடசாலைகள் பெரும்பாலும் வகை 3. இந்த இலக்கம் எந்தத் தரம் வரை வகுப்பு இருக்கிறது, உயர்தரத்தில் என்ன பிரிவு இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். வகை 3 என்றால் மூன்றாந்தரம் என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்! பாடத்திட்டம், பாடப்புத்தகம் எல்லாருக்கும் ஒன்று. ரீச்சரும் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலோ தேசிய கல்வியியற் கல்லூரியிலோ படித்துவந்த அதே ரீச்சர்தான். வித்தியாசம் அவர் எங்கே, எத்தனை வருசம் நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

வலயத்துக்கு வலயம் பெரிய வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது. நெடுந்தீவில் படிப்பிக்கப் போகிறவர் குறிகட்டுவானில் படகு ஏறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் போகவேண்டும், கடல் கொந்தளித்தால் அன்றைக்குப் போக்குவரத்து இல்லை. நல்லூரில் படிப்பிக்கிறவர் சைக்கிளில் போய் வருவார். கஷ்டப் பிரதேசச் சேவை என்று கட்டாயத்துக்குப் போய், காலம் முடிகிற நாளை நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் முதலாம் தரத்துப் பிள்ளை இரண்டு வருசத்தில் மூன்று ரீச்சரைக் கண்டால் அது யார் குரலைக் கேட்டு எழுத்துப் படிக்கும்? மாவட்டத்தில் மொத்தமாக எடுத்தால் ஆசிரியர் பஞ்சம் என்று சொல்லமுடியாது, நகரத்தில் கூடவும் தீவிலும் ஓரங்களிலும் குறையவும் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

சிறிய பாடசாலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை நின்று பார்க்கவேண்டும். ஒரே மண்டபம், நடுவில் ஒரு தட்டி, தட்டிக்கு இந்தப் பக்கம் இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் ஆறு பேர் கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்கள், அந்தப் பக்கம் முதலாம் தரத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் பாயில் இருந்து புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவிக்கிறார்கள். ரீச்சர் ஒருவர். அங்கே குனிந்து ஒரு குவியலைக் கலைத்து "திருப்பி எண்ணு" என்றுவிட்டு இங்கே வந்து ஒரு கொப்பியைத் திருத்துகிறார். பன்முகத் தரக் கற்பித்தல் என்று இதற்குப் பயிற்சியும் உண்டு. பழகிய ரீச்சர் என்றால் இது நன்றாகவே ஓடும், ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியும் ஒவ்வொரு நாளும் அவர் கண்ணில் படும். நாற்பதை அண்மித்த வகுப்பில் இருக்கிற ரவுண் ரீச்சர் எவ்வளவு கெட்டிக்காரி ஆனாலும் அது முடியாது. பழகாத ஆள் என்றால், அல்லது லீவில் நின்றால், பதினொரு பிள்ளைக்கும் அன்றைக்குப் பாடம் இல்லை. சிறிய பாடசாலை நல்லது, பெரிய பாடசாலை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சிறியதில் எல்லாம் ஓர் ஆளின் தலையில் நிற்கிறது. பெரியதில் ஒருவர் பிழைத்தாலும் பக்கத்து வகுப்பு ரீச்சர் இருக்கிறார், விளையாட்டுப்போட்டி, இசை, நடனம், பாண்ட் எல்லாம் இருக்கிறது, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர் சங்கம் ஸ்மார்ட் பலகை வாங்கித் தரும். பிள்ளைக்குத் தான் நூற்றில் ஒரு ஆள் என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து கிடைக்கும்.

இனி, எந்தப் பாடசாலை வேண்டும் என்று தெரிவு செய்வது உண்மையில் நம் கையில்தானா என்ற கேள்வி. முதலாம் தர அனுமதிக்கு அமைச்சின் சுற்றுநிருபம் இருக்கிறது. இடங்களில் பாதி அருகில் வசிக்கிறவர்களுக்கு, கால் பங்கு பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, மிச்சம் அங்கே ஏற்கெனவே படிக்கிற பிள்ளையின் சகோதரர், கல்வித்துறையில் வேலை செய்கிறவர்கள், இடமாற்றம் பெற்று வந்தவர்கள் என்று போகும். அருகில் வசிப்பதை நிரூபிக்க வாக்காளர் இடாப்பில் ஐந்து வருசப் பதிவு, வீட்டு உறுதி, மின்சாரப் பட்டியல் எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் வீட்டுக்கும் கேட்கிற பாடசாலைக்கும் இடையில் வேறு ஆரம்பப் பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். கொழும்பில் இருந்து பார்த்தால் இது நியாயமான கணக்கு. யாழ்ப்பாணத்தில் இதை வைத்துப் பாருங்கள். சித்தப்பா கனடாவில், வீடு அவர் பெயரில், "நீங்கள் இருந்து பாத்துக்கொள்ளுங்கோ" என்று விட்டுப்போன வீட்டில் பத்து வருசமாகக் குடியிருக்கிற குடும்பத்துக்கு உறுதியும் இல்லை, பதிந்த குத்தகைப் பத்திரமும் இல்லை, மின்சாரப் பட்டியலில் இன்னும் சித்தப்பாவின் பெயர். இடம்பெயர்ந்து உறுதியைத் தொலைத்தவர்களும், மீள்குடியேறி ஐந்து வருசம் ஆகாதவர்களும் வேறு. பாடசாலை மதிலுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்துகொண்டே புள்ளி போதாமல் நிற்கிறார்கள். பழைய மாணவருக்கு ஒதுக்கிய கால் பங்கோ, ஒரு காலத்தில் உள்ளே போனவர்களின் பிள்ளைகளை மறுபடி உள்ளே எடுக்கிற வழி. பொய்க் கடிதமும் சொந்தக்காரரின் விலாசமும் "நன்கொடை"யும் இந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. அனுமதிக்குக் காசு வாங்குவது குற்றம், ஆனால் கொடுத்தவர் முறைப்பாடு செய்யமாட்டார், பிள்ளை உள்ளே இருக்கிறதே.

அப்படியென்றால் எதைப் பார்த்து ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். நான் பார்க்கச் சொல்வது மூன்றாம் தரத்துப் பிள்ளையின் தமிழ்க் கொப்பியை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் தரும். "பளம்" என்று எழுதியதற்குச் சிவப்புப் பேனாவால் சரி போட்டு, பக்கத்தின் கீழே கையெழுத்தும் திகதியும் இருந்தால் அங்கே கொப்பி பார்க்கப்படுகிறது, வாசிக்கப்படவில்லை. ள-வைச் சுழித்து, ழ-வை எழுதிக் காட்டி, பிள்ளை திருப்பி ஐந்து தரம் எழுதியிருந்தால் அந்த வகுப்பில் ஒருவர் வேலை செய்கிறார். இருபது கொப்பி பார்க்கத் தேவையில்லை, இரண்டு போதும்.

அதற்கடுத்தது, முதலாம் தரம் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது. நல்ல அதிபர் அனுபவமுள்ள ரீச்சரை முதலாம், இரண்டாம் தரத்தில் வைப்பார், ஏனென்றால் தேசியப் பாடத்திட்டத்திலேயே அந்த இரண்டு வருசமும் முதன்மை நிலை ஒன்று, விளையாட்டும் செயற்பாடும் கதையுமாகப் பிள்ளை எழுத்துக்கும் எண்ணுக்கும் வருகிற காலம். பதாகைக்கு வேலை செய்கிற அதிபர் கெட்டிக்கார ரீச்சரையெல்லாம் ஐந்தாம் தரத்தில் குவித்துவிட்டு, முதலாம் தரத்துக்குப் புதிதாக வந்தவரையோ உடம்பு ஏலாதவரையோ அனுப்புவார். ஒரு கேள்வியில் இது தெரிந்துவிடும், வாசல் காவலாளியைக் கேட்டாலே சொல்வார். நான்காம், ஐந்தாம் தரத்தில் சித்திரம், விளையாட்டு, இசைப் பாடவேளைகள் நேரசூசியில் இருக்கிறதா, இருந்தும் அந்த நேரத்தில் கடந்தகால வினாத்தாள் செய்கிறார்களா என்பதையும் அங்கே படிக்கிற பிள்ளையிடம்தான் கேட்கவேண்டும், பெரியவர்கள் வேறு பதில் சொல்வார்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கவலைப்படுவதால் ஒரு வரி: முறையான ஆங்கிலப் பாடம் மூன்றாம் தரத்தில்தான் தொடங்குகிறது, அதற்கு முன் பேச்சுச் செயற்பாடு மட்டும். ஆகவே முதலாம் தரத்தில் ஆங்கிலப் புத்தகம் வாங்கச் சொல்லாத பாடசாலை பின்தங்கிய பாடசாலை இல்லை.

பயணத்தையும் கணக்கில் எடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை ஆறரைக்கு வானில் ஏறி, பத்து வீட்டு வாசலில் நின்று நின்று ரவுணுக்குப் போய், வெயிலில் திரும்பி, பிறகு ரியூசன். மாத வான் காசும் சின்னத் தொகையில்லை. அந்தக் காசும் அந்த இரண்டு மணித்தியாலமும் வீட்டில் ஒரு கதைப்புத்தகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்க்கிற பெற்றோரை நான் அதிகம் கண்டதில்லை.

பிள்ளைக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்கவேண்டும். விண்ணப்பத்தை வழமையாக முந்தைய வருசத்தின் நடுப்பகுதியில் கேட்பார்கள், மாதிரிப் படிவமும் சுற்றுநிருபமும் அறிவித்தலோடு வரும், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள், மேன்முறையீட்டுக்கு அது தேவைப்படும். பாடசாலை பார்க்கப் போவதென்றால் அதற்கு முன், சாதாரண ஒரு செவ்வாய் புதனில், பத்து மணியளவில் போங்கள். பரிசளிப்பு விழாவுக்கும், முதலாம் தரப் பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழாவுக்கும் எல்லாப் பள்ளிக்கூடமும் வெள்ளையடித்துத்தான் நிற்கும்.